மகளிர் கழிப்பறையைக் காலையில் திறந்து வையுங்கள்: மைதான நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மைதானப் பொறுப்பு அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கொடுத்த மூன்று மனுக்களும் உங்கள் மேஜையில்தான் இருக்கின்றன. அதனால் பழைய கதைக்குள் போகவில்லை. போன செவ்வாய்க்கிழமை நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

நானும் ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகளும் தினமும் காலை ஐந்தேகாலுக்கு ஓட வருவோம். அன்றைக்கு மூன்றாவது சுற்றிலேயே அவளுக்கு அடிவயிறு வலிக்க ஆரம்பித்துவிட்டது. போய்ப் பார்த்தால் வழக்கம்போல மகளிர் கழிப்பறைக் கதவில் பூட்டு. சாவி அலுவலகத்தில், அலுவலகம் திறப்பது பத்து மணிக்கு. காவலர் அண்ணன் பாவம், அவர் என்ன செய்வார், தலையைக் குனிந்துகொண்டே "கேலரிக்குப் பின்னாடி யாரும் வரமாட்டாங்கம்மா" என்றார். போக மாட்டேன் என்று அழுதாள். இருபது நிமிடம் ஸ்கூட்டியில் என் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி வீடு வந்து சேர்ந்தாள்.

மறுநாளிலிருந்து காலையில் எழுந்ததும் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். நான் டம்ளரை நீட்டினால் "அங்க போய் வந்துட்டா என்னம்மா பண்றது?" என்கிறாள். ஓடுகிற பிள்ளை தண்ணீருக்குப் பயப்படுகிறது, ஐயா. இன்றோ நாளையோ பெரியவளாகப் போகிற வயது வேறு. அது இந்த மைதானத்தில் நடந்தால் நான் அவளை எங்கே கூட்டிக்கொண்டு போவது? மகளிர் கழிப்பறையைக் காலை ஐந்து மணிக்குத் திறந்து வையுங்கள், நான் கேட்பது இது ஒன்றுதான்.

வேறு எங்காவது நடக்கலாமே என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். இந்த ஓட்டம் எங்கள் இருவருக்கும் என்ன என்பது அவருக்குத் தெரியாது. வீட்டில் "ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்று அறைக்குள் போய்விடுகிறவள், பக்கத்தில் பக்கத்தில் ஓடும்போது எல்லாவற்றையும் சொல்கிறாள். முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை, அதனாலோ என்னவோ. மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகம்தான் எங்கள் வேகம். நெருங்கிய தோழி பேசாமல் போனது, உடம்பு மாறுவது பற்றிய பயம் எல்லாம் ஐந்து சுற்று, அதாவது இரண்டு கிலோமீட்டர், தாண்டிய பிறகுதான் வெளியே வந்தன. 1984-இல் லாஸ் ஏஞ்சலஸில் பி.டி. உஷா நொடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தைத் தவறவிட்டதை அவளுக்கு நான் சொன்னதும் இந்த மண் தடத்தில்தான். அதே ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்கு முதன்முதலாக மாரத்தான் வைத்தார்கள் என்றதும், "அதுவரைக்கும் ஏன் வைக்கல?" என்று கேட்டாள். பெண்களால் அவ்வளவு தூரம் முடியாது என்று நினைத்திருந்தார்கள் என்றேன். "ஓட விட்டாத்தானேம்மா தெரியும்" என்றாள்.

உங்கள் அலுவலகம் எனக்குச் சொன்ன பதிலும் அந்தப் பழைய பேச்சு மாதிரியேதான் இருக்கிறது. காலையில் வரும் பெண்கள் நாலைந்து பேர்தானாம், கூட்டம் வந்தால் திறப்பார்களாம். கதவு பூட்டியிருக்கும் வரை எந்த அம்மா தன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வருவார்? என் தெருவிலேயே இரண்டு பேர் ஒரு வாரம் வந்து பார்த்துவிட்டு இதற்காகவே நின்றுவிட்டார்கள். 11 முதல் 17 வயதுப் பெண் பிள்ளைகளில் உலக அளவில் 85 சதவீதம் பேருக்குப் போதுமான உடற்பயிற்சி இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. உடனே பிள்ளைகள் போனிலேயே கிடக்கிறார்கள் என்று அவர்களைத்தான் குறை சொல்கிறோம். சுற்றுச்சுவரில் பெண் குழந்தைகளைக் காப்போம் என்று புதிதாக எழுத உங்களுக்குப் பணம் இருந்தது. மைதானத்தில் விழா நடந்த அன்று காலை ஆறு மணிக்கே இந்தக் கழிப்பறை திறந்திருந்தது, வாளியும் சோப்பும் கூட இருந்தன. விருந்தினர் வந்தால் முடிகிறது, எங்கள் பிள்ளைகளுக்கு ஏன் முடியவில்லை? எனக்கு இதுதான் தாங்கவில்லை.

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னியுங்கள். புதுக் கட்டடம் எதுவும் கேட்கவில்லை. மகளிர் கழிப்பறையைக் காலை ஐந்து மணி முதல் எட்டு மணி வரை திறந்து வையுங்கள், குழாயில் தண்ணீர் வரட்டும், உள்தாழ்ப்பாளைச் சரிசெய்து கொடுங்கள். சாவியைக் காவலரிடம் கொடுத்து வைத்தாலே போதும், அவர் திறந்து விடுவதாகச் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து இந்த வாரமே செய்து கொடுங்கள்.

திங்கட்கிழமை ஐந்தேகாலுக்கு வருவோம். ஓட ஆரம்பிக்கும் முன்னால் முதலில் அந்தக் கதவைத்தான் போய்ப் பார்ப்பேன்.

இப்படிக்கு,
தினமும் உங்கள் மைதானத்தில் ஓடும் ஓர் அம்மா