அளவு தப்பிய கையைத் தாங்கியவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

சிறுமூளையில் ரத்தக்குழாய் அடைத்து நான் படுத்ததால் மூடிக் கிடந்த தையல் கடையை மறுபடி திறந்து பத்து நாளாகிறது. நான் சொல்லச் சொல்ல மகள் போனில் அடிக்கிறாள். அந்தச் சின்ன எழுத்துகளில் என் வலது விரல் இன்னும் சரியாகப் போய் உட்கார மாட்டேன் என்கிறது.

முதல் நன்றி ஆட்டோ தம்பிக்கு. அன்று கடைத்தெருவில் காலை அகட்டி வைத்துத் தள்ளாடி, நாக்குக் குழறி வாந்தியெடுத்தவனைப் பார்த்து, "காலையிலேயே ஊத்திட்டான்" என்று விலகியவர்கள்தான் அதிகம். அவர்கள்மேல் வருத்தமில்லை. குடித்தவன் தள்ளாடுவதும், பின்னந்தலையில் இருக்கும் இதே சிறுமூளை மந்தமாவதால்தானாம். தம்பி மட்டும் கிட்டே வந்து மோந்துவிட்டு, "அண்ணே, வாடையே இல்லையே" என்று தூக்கி வண்டியில் ஏற்றினார்.

முதலில் போன இடத்தில் பித்தம் என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். சரி, அது போகட்டும்.

அடுத்த இடத்தில் இருந்த இளம் டாக்டரம்மா, தன் விரலையும் என் மூக்கையும் மாறி மாறித் தொடச் சொன்னார். இடது கை ஒழுங்காகத் தொட்டது. வலது கை மூக்கைத் தாண்டிக் கன்னத்தில் இடித்தது. அவர் விரலை நெருங்க நெருங்க நடுக்கம் கூடியது. சிடி ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. இந்த இடத்து அடைப்பு ஆரம்பத்தில் சிடியில் தப்பிவிடும் என்று விடாப்பிடியாக எம்ஆர்ஐ எடுக்க வைத்தார். சிறுமூளையின் வலப்பக்கம் அடைப்பு. பெருமூளையில் வந்தால் எதிர்ப்பக்கம் கெடும், சிறுமூளையில் வந்தால் அதே பக்கம். வீங்கினால் மூளைநீர் போகும் வழி அடைபட்டு உயிருக்கே ஆபத்து என்று ராத்திரியெல்லாம் எழுப்பி எழுப்பிப் பார்த்த நர்ஸ் அக்காக்களுக்கும் ஒரு கும்பிடு.

அப்புறம் பிசியோதெரபி தம்பி. எனக்குப் புரியும்படி சொன்னவர் அவர்தான். கையில் பலம் அப்படியே இருந்தது, போனது அளவு. தம்ளரை எடுக்க எவ்வளவு தூரம், என்ன வேகம், எங்கே நிறுத்துவது என்று கணக்குப் பார்த்து, கை போகப் போகத் திருத்துவது சிறுமூளை. எடையில் மூளையில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் நரம்புச் செல்களில் ஐந்தில் நான்கு அங்கேதான் இருக்கின்றனவாம். கோர்டன் ஹோம்ஸ் என்ற டாக்டர், முதல் உலகப்போரில் குண்டடிபட்ட சிப்பாய்களிடம் இதை ஆராய்ந்தவராம். அவரிடம் வந்த ஒரு நோயாளி, இடது கை தன்னால் வேலை செய்கிறது, வலது கையின் ஒவ்வொரு அசைவையும் யோசித்து யோசித்துச் செய்கிறேன் என்றாராம். என் ஜாதகத்தைப் பார்த்துச் சொன்னது மாதிரி இருந்தது.

இருபத்தாறு வருஷம் மிதித்த மெஷின். கால் ஒரு தாளம், கை ஒரு தாளம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. இப்போது கால் முந்தியது, துணி பின்தங்கியது. பிசியோதெரபி தம்பி கடைக்கே வந்து, ஊசியில் நூல் கோக்காமல் பழைய பேப்பரில் கோடு போட்டு ஓட்டச் சொன்னார். காஜா எடுக்க வந்த பையன்களுக்கு நான் கொடுத்த அதே பாடம்! மூன்று மாதம் ஓட்டினேன். ஓட்டை விழுந்த பேப்பரையெல்லாம் முகம் சுளிக்காமல் பெருக்கியள்ளிய என் வீட்டுக்காரிக்கு, இத்தனை பேர் முன்னால் முதல்முறையாக நன்றி சொல்கிறேன்.

நாலு மாதமாகத் துணியைத் திருப்பி வாங்காமல், "நீங்களே தைங்க, அவசரமில்லை" என்ற டீச்சருக்கு: பிளவுஸ் ரெடி. வலது கை வெட்டு கால் இஞ்ச் இறங்கியிருக்கிறது. போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள், பிரித்துத் தைத்துத் தருகிறேன்.