வக்கீல்களுக்கு மட்டும் படிப்பு முடிந்துவிட்டதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகள் வழக்குகளை நடத்தும் வக்கீல்களுக்கு ஆண்டுதோறும் பயிற்சி வேண்டுமா என்று சென்ற ஞாயிறு இதழில் எழுதியிருந்தீர்கள். சட்டம் படித்து வந்தவர்களை மறுபடியும் வகுப்பில் உட்கார வைப்பது அவமரியாதை என்று மூத்த வழக்கறிஞர் ஒருவர் அதில் சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் படிக்க எனக்கு மனம் வரவில்லை.

34 வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்தவள் நான். எத்தனையோ சனிக்கிழமைகள் ஆசிரியர்களுக்கான குறுவளமையப் பயிற்சிக்குப் போனேன். அவமரியாதையாகத் தோன்றியதே இல்லை. மருத்துவர்களும் 5 ஆண்டுக்கு 30 மணி நேரம் படிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவின் உறுப்பினர்களுக்கு, அறிவிக்கை வெளியான இரண்டு மாதத்துக்குள் பயிற்சி தரச் சொல்கிறது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். அதே குழுவின் முன் வந்து வாதாடும் வக்கீலுக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. பார் கவுன்சில் தேர்வை ஒருமுறை எழுதினால் போதும், ஆயுள் முழுக்க யாரும் கேட்கப்போவதில்லை.

ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்திக்குத் துணையாக, குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களை விசாரிக்கும் போக்சோ கோர்ட்டுக்குப் போனேன். இலவச சட்ட உதவியில் வந்த வக்கீல் அன்று காலை வராந்தாவில்தான் அவளை முதன்முதலாகப் பார்த்தார். பத்துப் பேர் நிற்கிற இடத்தில், "நீதானா அந்தப் பொண்ணு?" என்றார். உள்ளே எதிர்த்தரப்பு வக்கீல் அவளைப் பார்த்தே கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். அன்றைக்கு என்ன உடை போட்டிருந்தாள் என்பது உட்பட. வக்கீல் கேள்வியை நீதிபதியிடம்தான் சொல்ல வேண்டும், நீதிபதிதான் பிள்ளையிடம் கேட்க வேண்டும் என்று போக்சோ சட்டத்தின் 33ஆம் பிரிவு சொல்கிறது. பள்ளிக்கு வந்த கையேட்டில் நானே படித்திருக்கிறேன். எங்கள் வக்கீலிடம் மெதுவாகச் சொன்னேன். "டீச்சர், இது உங்க கிளாஸ் ரூம் இல்ல" என்றார். நீதிபதி தலையிட்டு நிறுத்துவதற்குள் பிள்ளை துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டாள். அதன் பிறகும் மூன்று வாய்தா. ஒவ்வொரு முறையும் பேருந்தில் வாந்தி எடுத்தாள்.

இதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன். தாயை இழந்த அண்ணன் தங்கை இருவரைக் காப்பகத்திலிருந்து பாட்டியிடம் சேர்க்க, குழந்தைகள் நலக் குழுவில் மனு கொடுக்க வேண்டும். அந்தப் பாட்டியின் வக்கீல் சிவில் கோர்ட்டில் போட்டார். ஐந்து மாதம் போனது. அவர் கேட்ட பீஸுக்குப் பாட்டி கம்மலை விற்றாள்.

தங்கள் இதழ் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. சிறுமிகள் பற்றிய செய்தியில் இன்னும் 'கற்பழிப்பு' என்றே அச்சிடுகிறீர்கள். அந்தப் பிள்ளைகள் எதை இழந்துவிட்டதாக நினைக்கிறீர்கள் ஐயா? இரண்டு முறை எழுதினேன், பதில் இல்லை.

நான் கேட்பது சிறிது. இலவச சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இந்த வழக்குகளுக்கு அனுப்பும் வக்கீல்களையாவது ஆண்டுக்கு இரண்டு நாள் உட்கார வைத்துப் படிக்கச் சொல்லட்டும் என்று ஒரு தலையங்கம் எழுதுங்கள்.

என் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம். சின்ன ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை