பிரேயஸில் கப்பல் மட்டுமா இருக்கிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் கிரீஸ் பயணக் கட்டுரை, ஏதென்ஸை ஒட்டிய துறைமுக நகரமான பிரேயஸைத் தீவுகளுக்குக் கப்பல் ஏறும் இடம் என்று ஒரே வரியில் தாண்டிவிட்டது. 1922இல் இன்றைய துருக்கியிலிருந்து அங்கே வந்திறங்கிய அகதிகளைச் 'சொந்த இனத்தார் அரவணைத்துக்கொண்டார்கள்' என்றும் போகிறபோக்கில் சொல்கிறது. அங்கே அகதிக் குடியிருப்புகளை நடந்தே சுற்றிக்காட்டும் குழுவோடு போய்வந்தவள் என்ற முறையில் இதை என்னால் ஏற்க முடியவில்லை.

கிரேக்க-துருக்கிப் போரின் முடிவில் ஸ்மிர்னா (இன்றைய இஸ்மிர்) நகரம் எரிந்த பிறகு கப்பல் கப்பலாக வந்தவர்களுக்குத் தங்க இடமில்லை. ஊரின் நாடக அரங்கில்கூடக் குடும்பம் குடும்பமாகக் கிடந்தார்கள். கிரீஸும் துருக்கியும் மக்களை மாற்றிக்கொள்ள 1923இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் கையெழுத்தான ஒப்பந்தம் ஆட்களைப் பிரித்தது மதத்தை வைத்து. துருக்கி மொழி மட்டுமே தெரிந்த கிறிஸ்தவர்கள் கிரீஸுக்கு வந்தார்கள்; கிரேக்கம் பேசிய கிரீட் தீவு முஸ்லிம்கள் துருக்கிக்குப் போனார்கள். சுமார் 50 லட்சம் பேர் இருந்த ஏழை நாட்டில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் வந்து சேர்ந்தால் என்ன நடக்கும்? 'துருக்கி விதை' என்று ஏச்சுதான் விழுந்தது.

பிரேயஸை ஒட்டிய அகதிக் குடியிருப்பான நிகேயாவை, அதாவது பழைய கொக்கினியாவை, பார்க்காமல் இதெல்லாம் விளங்காது. அகதிகளுக்கென்று கட்டிய சின்னஞ்சிறு வீடுகளில் சில இன்னும் நிற்கின்றன. நடைபாதையை ஒட்டிக் கணுக்கால் உயரத்தில் ஒரு ஜன்னல் தெரிந்தது. குனிந்து பார்த்தால், கீழே ஓர் அறை! மகளுக்குச் சீதனமாக வீடு தர வேண்டும், பக்கத்தில் ஒரு அடி மனை கிடையாது. தரையைத் தோண்டி அறை எடுத்துக் கல்யாணம் முடித்திருக்கிறார்கள். நம்மூர் அப்பாக்களுக்கு இது நன்றாகவே புரியும்.

அதே ஊரில்தான் 1944 ஆகஸ்ட் 17 அன்று, கிரீஸை ஆக்கிரமித்திருந்த ஜெர்மன் படை ஆண்களைச் சதுக்கத்தில் திரட்டியது. முகமூடி அணிந்த காட்டிக்கொடுப்பவர்கள் கைகாட்டியவர்களைப் பழைய கம்பள ஆலையின் முற்றத்தில் சுட்டுக்கொன்றது.

எங்கள் வழிகாட்டி மேல் எனக்கு ஒரு குறை உண்டு. 2016இல் அதே துறைமுகத்தில் சிரியா, ஆப்கானிஸ்தான் அகதிகள் ஆயிரக்கணக்கில் கூடாரம் போட்டுக் கிடந்ததை அவர் வாயே திறக்கவில்லை. கேட்டதற்கு, "அது வேறு கதை" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கட்டுரையாளர் மறுபடி போனால் கப்பலுக்கு முன் அரைநாள் ஒதுக்கட்டும். மெட்ரோவிலேயே நிகேயா போய் இறங்கலாம். கோடையென்றால் காலையிலேயே கிளம்பிவிட வேண்டும், மதிய வெயில் தாங்காது.

ஒரு வாசகி,
கோயம்புத்தூர்