காலை வழிபாட்டில் சாய்ந்து நிற்கும் பிள்ளைகள்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். ஜூன் மாதம் பள்ளி திறந்த புதிதில், ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் காலை வழிபாட்டில் தினமும் வேப்பமரத்தில் சாய்ந்துகொண்டே நின்றான். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் எல்லார் முன்னாலும் "நேராக நிற்கத் தெரியாதா?" என்று சத்தம் போட்டேன். மரத்தை விட்டு நகர்ந்து நின்றான். பிரார்த்தனைக்குக் கண்ணை மூடியதும் தடுமாறிப் பக்கத்துப் பையன்மேல் விழுந்தான். வரிசையே சிரித்தது.

அவனுக்கு ஆட்டிசம் (மதியிறுக்கம் என்பார்கள், மூளை வளர்ச்சியில் உள்ள ஒரு வேறுபாடு) இருப்பது எனக்கு முன்பே தெரியும். அது பேச்சும் பழக்கமும் சம்பந்தப்பட்டது என்றுதான் நினைத்திருந்தேன். நிற்பதற்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று, வட்டார வள மையத்திலிருந்து வந்த இயன்முறை மருத்துவர் சொன்ன பிறகுதான் புரிந்தது. அவனுடைய அம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நாம் விழாமல் நிற்க, கண், காதின் உட்பகுதி, தசையும் மூட்டும் என மூன்று இடங்களிலிருந்து மூளைக்குச் செய்தி போகிறது. மூளை அவற்றைச் சேர்த்துப் பார்த்து உடம்பைச் சரிசெய்துகொண்டே இருக்கிறது. நமக்கு அது நடப்பதே தெரியாது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்கு இந்தச் சேர்மானம் அவ்வளவு சுலபமாக நடப்பதில்லை. ஒகேனக்கல் பரிசலில் எழுந்து நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும் (பரிசல்காரர் திட்டுவார், அது வேறு). அங்கே நாம் படும் பாட்டைச் சில பிள்ளைகள் சமதரையிலேயே படுகிறார்கள். கண்ணை மூடச் சொன்னால் மூன்றில் ஒன்று போய்விடுகிறது. ஆட்டம் இன்னும் கூடுகிறது. நான் அவனை அதட்டி மரத்தை விட்டு நகர்த்தியது சரியாக அந்த நேரத்துக்கு முன்னால்தான்.

2004-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 5 முதல் 52 வயது வரையுள்ளவர்களைச் சோதித்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு நிலையாக நிற்கும் திறன் ஏறக்குறைய 12 வயதில்தான் முன்னேறத் தொடங்கியது. பெரியவர்களான பிறகும் மற்றவர்கள் அளவுக்கு வரவில்லை. ஆகவே "ஏழாவது படிக்கிறான், இன்னுமா?" என்ற கேள்வியே தப்பு. பதின்வயதில் திடீரென்று உயரமும் கூடுகிறது. பழகிய உடம்பே புதிதாகிப்போன மாதிரி சிலர் கூனிக்கொண்டு நடப்பார்கள். விழுந்துவிடுவோம் என்று விளையாட்டைத் தவிர்ப்பார்கள். தவிர்க்கத் தவிர்க்கப் பயிற்சியும் குறைந்துபோகிறது.

எல்லாப் பிள்ளைகளும் இப்படியில்லை. புளியமரத்தின் உச்சிவரை ஏறும் ஆட்டிசப் பிள்ளையும் நம் பள்ளியில் உண்டு. அதேபோல, சாய்ந்து நிற்கும் பிள்ளைக்கெல்லாம் ஆட்டிசம் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம்.

இனி வழிபாட்டில் கண்ணை மூடுவது கட்டாயமில்லை. தேவைப்படுகிறவர்கள் சுவரோரம் நிற்கலாம், உட்காரவும் செய்யலாம். தமிழ்த்தாய் வாழ்த்துக்கு உட்காரலாமா என்று ஒரு தாத்தா கேட்டார். அதை மாநிலப் பாடலாக அறிவித்து, 55 விநாடியில் பாட வேண்டும், எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும் என்று 2021-இல் வந்த அரசாணையே மாற்றுத்திறனாளிகளுக்கு விலக்குக் கொடுத்திருக்கிறது. அரசாங்கமே விட்டுக்கொடுத்த இடத்தில் நான் பிடிவாதம் பிடிப்பானேன்?

வகுப்பில் கால் தரையில் எட்டாமல் தொங்கினால் இடுப்பு நிற்காது. மேசைமேல் சரிந்துதான் எழுதுவார்கள். அதற்குக் காலடியில் பலகை போடுகிறோம்.

வீட்டில் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். தலைக்கு ஊற்றும்போது கண்ணை மூடிக்கொண்டு ஈரத்தரையில் நிற்க வைக்காதீர்கள். மணையிலோ முக்காலியிலோ உட்கார வையுங்கள். கால்சட்டையையும் உட்கார்ந்தே போடட்டும். அப்புறம் நொண்டி, வரப்புமேல் நடப்பது, மணலில் வெறுங்காலோடு நடப்பது, குடத்தில் கால்வாசித் தண்ணீர் தூக்கி வருவது எல்லாம் நல்ல பயிற்சி. பிள்ளைக்குப் பிடித்த அளவுக்கு மட்டும் போதும். சிலருக்குக் கால் தரையை விட்டு எழும்பினாலே பயம். அவர்களை வலுக்கட்டாயமாக ஊஞ்சலில் ஏற்றாதீர்கள். நுனிக்காலில் நடப்பது மூன்று வயதுக்கு மேலும் தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். விட்டுவிட்டால் கெண்டைக்கால் தசை இறுகிப்போகலாம்.

ஆட்டிசம், 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஒன்று. அடையாள அட்டை எடுக்காதவர்கள் பள்ளிக்கு வாருங்கள், விண்ணப்பத்தை நாங்களே நிரப்பித் தருகிறோம். "அட்டை எடுத்தால் ஊருக்குத் தெரிந்துவிடும்" என்று தயங்குகிறீர்கள், புரிகிறது. ஆனால் உதவியெல்லாம் அதைக் கேட்டுத்தான் வருகிறது.

மற்ற பெற்றோருக்கும் ஒன்று. அந்தப் பையனுக்குத் "தூங்குமூஞ்சி" என்று பட்டப்பெயர் வந்துவிட்டது. அதற்கு வழிவிட்டது நான்தான். வழிபாட்டில் எல்லார் முன்னாலும் அவனிடம் வருத்தம் தெரிவித்துவிட்டேன். உங்கள் பிள்ளை வீட்டில் அந்தப் பெயரைச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

பி.கு.: காலடிப் பலகைக்கு இன்னும் ஆறு துண்டு தேவை. தச்சுவேலை செய்யும் பெற்றோர் யாராவது வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வரும்போது அளவு எடுத்துப் போனால் நல்லது. மாம்பழப் பெட்டிப் பலகை வேண்டாம், போனமுறை ஒரே வாரத்தில் உடைந்துவிட்டது.