பதவி போன பிறகுமா இந்தக் கவசம்? சுலைமான் கெங்கெங்குக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய சுலைமான் கெங்கெங் அவர்களுக்கு,

வணக்கம். சாட் நாட்டை ஆண்ட ஹிசேன் ஹப்ரேயின் சிறையில் செத்துப் பிழைத்தவர் நீங்கள். 1990 டிசம்பரில் அவர் ஓடியதும் வெளியே வந்தீர்கள். பாதிக்கப்பட்டவர்களைத் தேடித் தேடிப் பார்த்து, 792 பேருடைய வாக்குமூலங்களைத் திரட்டினீர்கள். மிரட்டல் வந்தபோது அந்தக் கட்டுகளை வீட்டிலேயே ஒளித்து வைத்தீர்கள். ஆட்சியாளர்களின் சட்ட விலக்குரிமை, அதாவது பதவியைக் காட்டி வழக்கிலிருந்தும் கைதிலிருந்தும் தப்பும் உரிமை பற்றி யார் பேசினாலும் எனக்கு உங்கள் நினைவுதான் வருகிறது.

2002 பிப்ரவரியில் ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. காங்கோவின் வெளியுறவு அமைச்சராக இருந்த யெரோடியா மீது பெல்ஜியம் பிறப்பித்த பிடியாணையை ரத்து செய்யச் சொல்லிவிட்டது. பதவியில் இருக்கும்வரை அந்நிய நாட்டு நீதிமன்றம் அவரைத் தொடக்கூடாதாம். இதைக்கூட நான் ஏற்பேன். போன இடத்திலெல்லாம் கைது செய்வார்கள் என்றால், சமாதானம் பேச எந்த அமைச்சரும் கிளம்ப மாட்டார்.

மனசு ஒப்பாதது அதற்கடுத்த பகுதி. பதவி போன பிறகு, பதவிக்காலத்தில் ‘தனிப்பட்ட முறையில்’ செய்தவற்றுக்காக வழக்குப் போடலாம் என்கிறது தீர்ப்பு. ஹப்ரே காலத்தில் சாட் தலைநகர் என்ஜமீனாவில் நீச்சல் குளத்தைக் கான்கிரீட் போட்டு மூடி, உள்ளே அறை அறையாகத் தடுத்து, ஆட்களை அடைத்தார்கள். காவலுக்கு அரசின் ரகசியப் போலீஸ். இதில் எது தனிப்பட்டது? அரசு எந்திரத்தை முழுசாக முடுக்கிவிட்டுச் செய்த கொடுமைக்குத்தான் இந்த வரி அதிகப் பாதுகாப்புத் தருகிறது.

ஹப்ரே விஷயத்தில் உங்களுக்கு வேறு வழி திறந்தது. 2002 அக்டோபரில் சாட் நீதி அமைச்சர், ஹப்ரே மீதான புகாரை விசாரித்த பெல்ஜிய நீதிபதிக்குக் கடிதம் எழுதி, ஹப்ரேக்கு எந்த விலக்குரிமையும் இல்லை என்று சொல்லிவிட்டார். அப்போது ஆட்சியில் இருந்தவர் ஹப்ரேயை விரட்டியவர், ஆகவே அந்த விலக்குரிமையைக் கைவிடுவது கஷ்டமாக இருந்திருக்காது. அப்புறமும், ஹப்ரே தஞ்சம் புகுந்திருந்த செனகல் நாட்டின் டாக்கரில் விசாரணை தொடங்க 2015 ஆயிற்று. முகமூடி அணிந்த காவலர்கள் ஹப்ரேயைத் தூக்கிவந்து உட்கார வைத்தார்கள். தலைப்பாகையும் கறுப்புக் கண்ணாடியுமாக, வாயே திறக்காமல் இருந்தார். 2016 மே 30 அன்று ஆயுள் தண்டனை.

சொந்த அரசே விலக்குரிமையைக் கைவிடாத அதிகாரி என்றால்? ஐ.நா.வின் சர்வதேசச் சட்ட ஆணையம் 2017-இல், இனப்படுகொலை, சித்திரவதை போன்ற குற்றங்களுக்கு, பதவிப் பணியாகச் செய்தேன் என்ற வாதம் எடுபடாது என்ற வரைவை 21க்கு 8 என்ற வாக்கில் ஏற்றது. பகை நாடுகள் ஒன்றின் அதிகாரிகளை மற்றொன்று வழக்கில் இழுத்தடிக்கும் என்ற அச்சம் எதிர்த்தரப்பில் இருக்கிறது. நியாயமான அச்சம்தான். அதற்குச் சுதந்திரமான நீதிபதிகளும் கறாரான விதிமுறைகளும் வேண்டும்; குற்றவாளியைத் தப்பவிடுவது பரிகாரமாகாது.

2025 ஜூலையில் பிரான்சின் உச்ச நீதிமன்றம், சிரியாவின் அசாத் அதிபராக இருந்தபோது அவர் மீது பிரான்சில் பிறப்பித்த பிடியாணையை ரத்து செய்தது. ஆனால் அவர் பதவி இழந்துவிட்டதால் புதிதாகப் பிறப்பிக்கலாம் என்றது. சிரியா மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர் வழக்கிலோ, பதவிப் பணி என்ற வாதத்தையே நிராகரித்தது. ஒரு நாட்டு நீதிமன்றம் சொன்னதை மற்ற நாடுகளும் சட்டமாக எழுத வேண்டும் என்று நான் கேட்கிறேன். என்னைவிட உங்களுக்குத்தான் அதைக் கேட்கும் தகுதி அதிகம். நீங்களும் கேளுங்கள் ஐயா.

அன்புடன்,
உங்களை வாசித்து அறிந்த ஒருவன்