துருவை அறுத்தெடுக்காமல் பட்டி பூசி மறைத்தது குறித்துப் புகார்

பெறுநர்: கிளை மேலாளர் அவர்கள்

ஐயா,

என் அப்பா 1986-இல் வாங்கிய அம்பாசடர் மார்க் 4 காரைக் கடந்த ஆனி மாதம் உங்கள் ஒர்க்‌ஷாப்பில் டிங்கரிங், பெயின்டிங் வேலைக்கு விட்டேன். இரண்டு முன்கதவுகளின் அடிப்பகுதியையும், கதவுக்குக் கீழே ஓடும் இடப்பக்க ஃபுட்போர்டையும் துரு தின்றிருந்தது. அந்த இடங்களை அறுத்தெடுத்துவிட்டு 18 கேஜ் தகரம் வைத்து வெல்டிங் செய்வதாக உங்கள் ஆளே எஸ்டிமேட்டில் கைப்பட எழுதிக் கொடுத்தார். 48,000 ரூபாய். பேரம் பேசாமல் கட்டினேன்.

ஐப்பசியில் நாலு நாள் மழை பெய்தது. இடப்பக்க முன்கதவின் கீழ் விளிம்பில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. ஸ்குரூ டிரைவரால் லேசாக நெம்பினேன். பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டி, விரல் கனத்துக்குப் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. பின்னால் புதுத் தகரமே இல்லை. பழைய ஓட்டை, அதில் திணித்த செய்தித்தாள், தொட்டால் உதிரும் துரு. ஃபிரிட்ஜில் இருந்த காந்தத்தை எடுத்து வந்து வைத்துப் பார்த்தேன். கதவின் மேற்பகுதியில் டக்கென்று ஒட்டியது. கீழே ஒரு சாண் உயரத்துக்கு எங்கேயும் நிற்கவில்லை. ஃபுட்போர்டிலும் அதே கதைதான்.

கதவின் அடியில் தண்ணீர் வடிவதற்கென்று இருக்கும் துளைகளையும் பட்டியால் அடைத்துவிட்டீர்கள். கண்ணாடி ஓரமாக இறங்கும் மழைத்தண்ணீர் எங்கே போகும்? உள்ளேயே தேங்கி, நன்றாக இருந்த தகரத்தையும் அரிக்கிறது. தூத்துக்குடி உப்புக்காற்றில் வேலை பார்க்கிறவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அம்பாசடருக்கு லாரி மாதிரி தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. பாடிதான் பாரத்தைத் தாங்குகிறது. ஃபுட்போர்டில் தகரத்துக்குப் பதில் பட்டி என்றால் உள்ளே உட்காருகிறவர்களுக்கு ஆபத்து. இந்த வண்டியில்தான் 78 வயது அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன்.

போனில் கேட்டதற்கு, "பழைய வண்டின்னா துரு வரத்தான் சார் செய்யும்" என்றார்கள். வரும், சரி. ஆனால் இது நீங்கள் எடுக்காமல் மூடி வைத்த துரு. 2014-இலேயே அம்பாசடர் தயாரிப்பு நின்றுவிட்டது. இந்தக் கதவு போனால் நல்ல கதவு தேடி நான் எங்கே அலைவது?

15 நாட்களுக்குள் பட்டி முழுவதையும் சுரண்டி எடுத்து, எஸ்டிமேட்டில் எழுதியபடி செலவில்லாமல் செய்து கொடுங்கள். பிரைமர் அடிக்கும் முன் வெறும் தகரத்தை நான் நேரில் பார்க்க வேண்டும். முடியாதென்றால் பணத்தைத் திருப்பித் தாருங்கள். இரண்டும் நடக்காவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுப்பேன்.

எஸ்டிமேட், பில், புகைப்படங்களை இணைத்திருக்கிறேன். பெயர்ந்த பட்டியும் அந்தச் செய்தித்தாளும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.

இப்படிக்கு,
வண்டி உரிமையாளர்,
தூத்துக்குடி