ஓடும் நேரமும் நிற்கும் நேரமும்: ரயில் சரக்குப் பதிவு குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கடந்த சில மாதங்களாக உங்களில் பலர் எங்களிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "ரயிலில் இடம் பதிவு செய்து பணமும் கட்டிவிட்டோம். அப்புறம் ஏன் கண்டெய்னர் மூன்று நாளாக யார்டிலேயே கிடக்கிறது?" போனில் ஒவ்வொருவருக்கும் அவசரமாக ஏதோ பதில் சொன்னோம். உங்கள் கேள்விக்கு அது போதாது. எங்கே அடைக்கிறது, ஏன் அடைக்கிறது, அடுத்த மாதம் முதல் நாங்கள் எதை மாற்றப்போகிறோம் என்பதை முழுதாகச் சொல்லவே இந்த மடல்.

சரக்கு கூடிவிட்டது, தண்டவாளம் கூடவில்லை. ஒரே வரியில் கேட்டால் காரணம் இதுதான். ஆனால் புதுப் பாதை வரும்வரை செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அதற்குப் பொருள் இல்லை. ஒரு பாதையில் நாளுக்கு எத்தனை வண்டி போகலாம் என்பது வேகத்தைவிட, வண்டிகள் எங்கே, எவ்வளவு நேரம் நிற்கின்றன என்பதையே அதிகம் பொறுத்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒற்றைப் பாதை. எதிரெதிர் வண்டிகள் ஒன்றுக்கொன்று வழிவிட இரண்டு இடங்கள் இருக்கின்றன. இடையில் 20 நிமிட ஓட்டம். சிக்னல் மாற்றி அடுத்த வண்டியை விட 5 நிமிடம். ஆக ஒரு வண்டிக்கு 25 நிமிடம். பராமரிப்புக்கு 3 மணி நேரம் ஒதுக்கினால் மிச்சம் 21 மணி நேரம். இரண்டு திசையும் சேர்த்து நாளுக்கு 50 வண்டி, அவ்வளவுதான். இப்போது நடுவில் ஒரு லூப் லைன், அதாவது வண்டி ஒதுங்கி நிற்கும் பக்கப் பாதை, போடுங்கள். 20 நிமிட ஓட்டம் 10 ஆகும், வண்டிக்கு 15 நிமிடம் போதும், 84 வண்டி போகலாம். எந்த வண்டியும் முன்பைவிட வேகமாக ஓடவில்லை. ஒதுங்கி நிற்க ஓர் இடம் கிடைத்தது, அவ்வளவே. ஆனால் அந்த லூப் வண்டியின் நீளத்துக்குப் போதுமானதாக இருக்க வேண்டும். 600 மீட்டர் லூப்பில் 700 மீட்டர் வண்டி ஒதுங்க முடியாது. வால் பிரதான பாதையிலேயே நிற்கும். ஐரோப்பாவில் முக்கியத் தடங்களில் 740 மீட்டர் வண்டியை ஓட்ட வழி வேண்டும் என்று பல ஆண்டுகளாகப் பாடுபடுகிறார்கள் என்றால், அந்த வேலையில் பெரும்பகுதி லூப்களை நீட்டுவதுதான்.

இரட்டைப் பாதையில் வேறு தொல்லை. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் சரக்கு வண்டியும் 120 கி.மீ. வேகத்தில் போகும் பயணிகள் வண்டியும் ஒரே தண்டவாளத்தில் ஓடுகின்றன என்று வையுங்கள். ஒதுங்க இடமில்லாத 60 கி.மீ. தூரத்தைக் கடக்க முன்னதற்கு ஒரு மணி நேரம், பின்னதற்கு அரை மணி. சரக்கு வண்டி கிளம்பிய பிறகு அரை மணிக்கும் மேல் காத்திருந்துதான் பயணிகள் வண்டியைப் பின்னால் விட முடியும். எல்லா வண்டியும் ஒரே வேகமாக இருந்தால் அந்த இடைவெளியில் நான்கைந்து வண்டிகள் போயிருக்கும். நடைமுறையில் ஓரம்கட்டப்படுவது பெரும்பாலும் சரக்கு வண்டிதான். உங்கள் கண்டெய்னர் வழியில் எங்கோ மணிக்கணக்கில் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் இது.

இதனால்தான் சரக்குக்கென்றே தனிப் பாதை போடுகிறார்கள். இந்தியாவில் பஞ்சாபின் லூதியானாவிலிருந்து பீகாரின் சோன்நகர் வரை 1,337 கி.மீ., டெல்லி அருகே தாத்ரியிலிருந்து மும்பை அருகே ஜவஹர்லால் நேரு துறைமுகம் வரை 1,506 கி.மீ. என இரண்டு தனித் தடங்கள் திட்டமிடப்பட்டன. மும்பை பக்கம் போகும் மேற்குத் தடத்தில் மின்கம்பியை உயர்த்திக் கட்டியதால் ஒரு கண்டெய்னர்மேல் இன்னொன்றை அடுக்கி ஓட்ட முடிகிறது. 2021 ஜனவரியில் அப்படி அடுக்கிய ஒன்றரை கி.மீ. நீள வண்டி அதில் ஓடியது. நெதர்லாந்தில் ராட்டர்டாம் துறைமுகத்திலிருந்து ஜெர்மனி எல்லைவரை சுமார் 160 கி.மீ. சரக்குப் பாதை 2007-இல் திறக்கப்பட்டது. ஆனால் எல்லைக்கு அப்பால் ஜெர்மனி பக்கம் போட வேண்டிய மூன்றாவது தண்டவாளம் பல ஆண்டுகள் கழித்தும் முடியவில்லை. அகலமான சாலை ஒரு சந்தில் போய் முடிந்தால் என்ன ஆகும்? அங்கும் அதுதான்.

சீனாவின் தாத்தோங் – சின்ஹுவாங்தாவ் நிலக்கரிப் பாதையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 653 கி.மீ. ஆண்டுக்கு 10 கோடி டன் என்று திட்டமிட்ட அந்தப் பாதையில் பின்னாளில் 40 கோடி டன்னுக்கும் மேல் போனது. நீளமான, கனமான வண்டிகள்தான் காரணம். சில வண்டிகள் 20,000 டன் இழுக்கின்றன. ஆனால் அது ஒரே சரக்கை ஒரே பக்கமாகத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகும் பாதை. ஒருவர் துணி, ஒருவர் டைல்ஸ், ஒருவர் இயந்திரம் என்று அனுப்பும் நமக்கு அந்த வழி முழுதாகப் பொருந்தாது.

நமக்குப் பொருந்துவது, நம் கையிலேயே இருப்பது, ஏற்றி இறக்கும் இடம். இதை நாங்கள் அழுத்திச் சொல்கிறோம். ஏற்றி இறக்கும் தண்டவாளம் ஒன்றுதான், வந்த வண்டி அங்கே 8 மணி நேரம் நிற்கிறது என்றால் நாளுக்கு 3 வண்டிதான் வர முடியும். அதை 6 மணி நேரமாக்கினால் 4 வண்டி. ஒரு மீட்டர் தண்டவாளம்கூடப் போடாமல் ஒரு வண்டி கூடுதல்! அந்த 2 மணி நேரம் எங்கே வீணாகிறது என்று எங்கள் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தோம். எடை தப்பாகக் குறித்த கண்டெய்னர் பெட்டியைக் கீழே இறக்கி மறுபடி எடை போடுவது, ஆவணத் தாள் வராத பெட்டிக்குக் காத்திருப்பது, திரும்பாத காலிப் பெட்டிக்காக வேகனை நிறுத்தி வைப்பது. இந்த மூன்றும்தான் திரும்பத் திரும்ப வந்தன. ஒருவருடைய பெட்டி தாமதமானாலும் அந்த வண்டியில் சரக்கு ஏற்றிய அத்தனை பேரும் காத்திருக்கிறார்கள். இதில் எங்கள் பக்கத்துத் தவறும் உண்டு: கடைசி நேரத்தில் வந்ததையும் வாங்கி ஏற்றிக்கொண்டே இருந்தோம்.

அடுத்த மாதம் முதல், கிளம்பும் நேரம் உறுதியான வண்டிகளில் குறிப்பிட்ட எண்ணிக்கை வேகன்களை வாரந்தோறும் மொத்தமாகப் பிடித்து வைக்கிறோம். நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் அதற்கு நாங்கள் கட்டணம் கட்டியாக வேண்டும். ஆகவே சரக்கு வாங்கும் நேரத்தை வண்டி கிளம்புவதற்கு 12 மணி நேரம் முன்பே முடித்துவிடுவோம். அதற்குப் பிறகு வருவது அடுத்த வண்டிக்கு. இதில் யாருக்கும் விலக்கு இல்லை, எத்தனை வருடப் பழக்கமானவராக இருந்தாலும் சரி.

சரக்கை இறக்கிய மூன்று நாளுக்குள் காலிப் பெட்டியைத் திருப்பிக் கொடுங்கள். மாதக் கடைசி வாரத்தில் எல்லோரும் ஒன்றாக அனுப்புவதைக் குறைத்து, முடிந்த அளவு சரக்கை முதல் இரண்டு வாரங்களுக்கு நகர்த்துங்கள். அந்த வாரங்களில் வேகன்கள் காலியாகப் போவதைப் பார்க்க எங்களுக்கு மனசு வரவில்லை.

அவசரச் சரக்கு பற்றித் தனியாகச் சொல்லிவிடுகிறோம். 2017 ஆகஸ்ட் 12-இல் ஜெர்மனியின் ராஷ்டாட் ஊரில், பாதையை விரிவாக்கத் தோண்டிக்கொண்டிருந்த சுரங்கத்துக்கு மேலே இருந்த பழைய தண்டவாளம் உள்வாங்கியது. ஐரோப்பாவின் மிக நெரிசலான சரக்குத் தடங்களில் ஒன்று அக்டோபர் 2 வரை மூடிக் கிடந்தது. மாற்றுப் பாதைகளில் இடம் போதவில்லை. பக்கத்து நாட்டு வழியே சுற்றிவிடலாம் என்றால் அந்த நாட்டு மொழி தெரிந்த ஓட்டுநர்கள் போதவில்லை. எங்கள் வேலையில் இருப்பவர்கள் மறக்கக்கூடாத பாடம் அது. அதனால் உற்பத்தி நின்றுபோகும் அளவுக்கு அவசரமான உதிரிபாகங்களை முழுதாக ரயிலில் அனுப்புங்கள் என்று நாங்கள் சொல்லமாட்டோம். ஒரு பகுதியை லாரியில் அனுப்புங்கள், அதற்கும் ஏற்பாடு செய்து தருகிறோம். கனமான, நீண்ட தூரம் போக வேண்டிய, ஒரு நாள் முன்பின் ஆனாலும் தாங்கும் சரக்குக்கு ரயிலைவிட நல்ல வழி எங்களுக்குத் தெரியவில்லை.

இந்த மடலோடு ஒரு படிவம் இணைத்திருக்கிறோம். அடுத்த மூன்று மாதத்துக்கு வாரம் எத்தனை பெட்டி, ஒவ்வொன்றும் சுமார் எத்தனை டன் என்று அதில் எழுதி இந்த மாதம் 20-ஆம் தேதிக்குள் அனுப்பிவையுங்கள். வேகன்களை எத்தனை பிடிப்பது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வோம். எண்ணிக்கை துல்லியமாகத் தெரியாவிட்டால் குறைந்தது எவ்வளவு, கூடினால் எவ்வளவு என்று எழுதினாலும் போதும்.

அன்புடன்,
சரக்குப் பதிவுப் பிரிவினர்